ஆம்பின் முதுகில் ஒட்டிய சீட்டு

“அண்ணா, நாலு ஆம்ப் பார்த்து வெச்சிருக்கேன். எதை எடுக்கலாம்னு சொல்லுங்க” என்று எங்கள் இசைக்குழுவில் புதிதாக பேஸ் கிட்டார் வாசிக்க வந்திருக்கும் தம்பி வாட்ஸாப்பில் நான்கு ஆம்ப்ளிஃபயர்களின் (கிட்டார் ஒலியைக் கூட்டும் கருவி) படங்கள் அனுப்பியிருந்தான். முதலாவது, 1990களில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் செய்த பழைய ஆம்பெக் எஸ்விடி ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் மட்டும். இரண்டாவதும் எஸ்விடிதான், ஆனால் பிற்பாடு வந்த வியட்நாம் தயாரிப்பு. ஒருவர் கொஞ்ச காலம் வாசித்துவிட்டு விற்கிறார். மூன்றாவது, புத்தம் புது ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), ஆசியாவில் செய்தது. நான்காவது, கலிபோர்னியாவில் கட்டிய மெசா பூகி சப்வே டி-800. படங்களுக்குக் கீழே தீர்ப்பையும் அவனே எழுதிவிட்டான்: “சைனா, வியட்நாம் எல்லாம் வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க. அப்போ ஒண்ணு, இல்லன்னா நாலு. சரிதானே?”

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். பொங்கல் விழா, சித்திரைத் திருநாள், தீபாவளி, நடுவே இரண்டு மூன்று கல்யாண வரவேற்பு. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மேடை வரும். மேடை என்றால் பெரும்பாலும் ஏதாவது ஒரு உயர்நிலைப் பள்ளி ஆடிட்டோரியம். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவன் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் என் கையில் கச்சேரி நடுவே செத்துப்போன ஆம்புகள் இரண்டு. ஒன்று அமெரிக்கத் தயாரிப்பு, மற்றது ஆசியத் தயாரிப்பு.

முதலில் ஊர்க்கதை. எடிசனில் நியூயார்க் ரயில் ஏறினால் வழியில் லிண்டன் என்று ஒரு ஸ்டேஷன் வரும். 1960களில் ஆம்பெக் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. கம்பெனியைத் தொடங்கிய எவரெட் ஹல் டபுள் பேஸ் வாசித்தவர். தரையில் ஊன்றி நிற்கும் அந்தப் பெரிய வாத்தியத்தின் அடிக்குச்சியில் மைக் பொருத்தி ஒலியைக் கூட்டுவதுதான் அவருடைய முதல் சரக்கு; கம்பெனியின் பெயரே அதிலிருந்து வந்தது. 1960இல் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த பி-15 வந்தது. வாசித்து முடித்ததும் ஹெட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே அடக்கிவிடலாம். டெட்ராய்ட்டில் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கையில் இருந்தது அதுதான். 1969இல் எஸ்விடி: 300 வாட், 14 வால்வு (ஒலியைக் கூட்டும் கண்ணாடிக் குழல்கள்), ஹெட் மட்டும் ஏறக்குறைய 40 கிலோ. அந்த வருட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதன் முன்மாதிரிகளை மேடையேற்றியது. முதலில் போட்ட 6146 வால்வுகள் சரியாக உழைக்காததால் 6550க்கு மாற்றினார்கள். ஆக, முழுக்க முழுக்க அமெரிக்காவில் அமெரிக்கர்கள் செய்த எஸ்விடியும் முதல் சுற்றிலேயே தடுக்கி விழுந்துதான் எழுந்தது.

அப்புறம் கை மாறத் தொடங்கியது. 1967இல் ஹல் விற்றார். 1971இல் மாக்னாவாக்ஸ் வாங்கியது. 1980இல் எம்டிஐ என்ற நிறுவனம் வாங்கி உற்பத்தியை ஜப்பானுக்குக் கொண்டுபோனது. ஆமாம், ஆம்பெக் கடல் தாண்டியது நேற்றைய சங்கதி அல்ல. நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. ஜப்பான் சாமான் என்றால் மூக்கைச் சுளித்த அமெரிக்கர்கள் அப்போது நிறையப் பேர். இன்று அதே ஜப்பான் எஸ்விடியைத் தேடிப் பிடித்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 1986இல் செயின்ட் லூயிஸ் மியூசிக் வாங்கி, மிச்சமிருந்த பாகங்களை வைத்து 500 எஸ்விடி கட்டிவிட்டு, அப்புறம் ஆர்கன்சாவின் யெல்வில் என்ற சின்ன ஊரில் வரிசையாகச் செய்தது. தம்பி அனுப்பிய முதல் படம் அங்கே பிறந்ததுதான். 2005இல் லவுட் டெக்னாலஜிஸ் வாங்கியது. மேக்கி மிக்சர் கம்பெனியின் புதுப்பெயர்தான் லவுட். அடுத்த சில வருடங்களில் யெல்வில் கதை முடிந்து, எஸ்விடி ஆசியாவுக்குப் போனது. நடுவே ஹெரிட்டேஜ் என்ற வரிசையை மட்டும் வாஷிங்டன் மாநிலத்தில் வைத்துக் கட்டினார்கள். 2018இல் யமஹா குழுமம் வாங்கியது.

இதில் ஒன்றைக் கவனித்தால் போதும். முதலில் முதலாளி மாறுகிறார், ஊர் அப்புறம்தான் மாறுகிறது. எஸ்டபிள்யூஆர் என்ற பேஸ் ஆம்ப் கம்பெனி 1984இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. 2003இல் ஃபெண்டர் வாங்கியது. பத்து வருடத்தில் அந்தப் பெயரே கடைகளில் இல்லாமல் போனது. இங்கிலாந்தின் எசெக்ஸில் பச்சை நிற ஆம்புகள் செய்த டிரேஸ் எலியட்டை கிப்சன் வாங்கியது. 2002இல் தொழிற்சாலை மூடியது. பெயர் இப்போது பீவி கம்பெனியிடம். புது முதலாளி எதற்காக வாங்குகிறார்? பெயருக்காக. பெயரை வைத்துக்கொண்டு, ‘இந்த விலைக்குள் அடங்க வேண்டும்’ என்று முதலில் விலையை எழுதுகிறார். கேபிள் செருகும் ஜாக் எப்படி இருக்க வேண்டும், சர்க்யூட் போர்டு எத்தனை மில்லிமீட்டர் தடிமன், ஸ்பீக்கர் மாட்டும் கேபினெட் பிளைவுட்டா துகள் பலகையா என்பதெல்லாம் அந்த விலைக்குப் பின்னால் வருகிற முடிவுகள். சீனாவில் ஸ்க்ரூ முடுக்கும் பெண்ணுக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது.

செத்துப்போன என் இரண்டு ஆம்புகளையும் ஒரே நாளில் திறந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. ரிப்பேர் பார்ப்பவர் லிண்டன் பக்கத்துப் போலந்துக்காரர், வயது எழுபதுக்கு மேல். இரண்டையும் மேசையில் அக்கம்பக்கமாக வைத்து மூடியைக் கழற்றினார். கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். ஒன்று 1990களின் அமெரிக்க ஹெட், மற்றது 2008 வாக்கில் ஆசியாவில் செய்தது.

ஆசிய ஆம்பை ஓடவிட்டு, நம் ஊர்ச் சீன ஓட்டலில் தருவார்களே, அந்த மாதிரி ஒரு மரக்குச்சியால் உள்ளே இங்கும் அங்கும் மெதுவாகத் தட்டினார். இன்புட் ஜாக் பக்கம் தட்டியதும் ஸ்பீக்கரில் படபடவென்று சத்தம். போர்டைத் திருப்பி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்க்கச் சொன்னார். ஜாக்கின் கால் போர்டில் நுழையும் இடத்தில், பற்றவைத்த ஈயத்தைச் சுற்றி முடியளவு மெல்லிய கறுப்பு வளையம். அவ்வளவுதான் பழுது. ஒவ்வொரு முறை நான் கேபிளைச் செருகி உருவும்போதும் அந்த ஜாக் ஆடியிருக்கிறது. ஜாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஈயம் மட்டும்தான். நாளடைவில் விட்டுவிட்டது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புது ஈயம் வைத்து, பத்து நிமிடத்தில் முடித்தார். ஐந்து சென்ட் ஈயத்துக்காக ஒரு பொங்கல் விழாவில் இரண்டு பாட்டு பேஸ் இல்லாமல் போயிற்று.

பக்கத்தில் இருந்த அமெரிக்க ஆம்பில் அதே ஜாக்கைக் காட்டினார். உலோக ஜாக், முன் தகட்டோடு நட்டு போட்டு முடுக்கியது. அதிலிருந்து இரண்டு வயர் தொங்கலாக போர்டுக்குப் போகிறது. கேபிளை எவ்வளவு முரட்டுத்தனமாக இழுத்தாலும் தகடுதான் தாங்கும், போர்டுக்கு எதுவும் தெரியாது. நான் பெருமையாகத் தலையாட்டினேன். உடனே குச்சியை மின்சாரப் பகுதிக்கு நகர்த்தினார். அங்கே நின்ற, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் இரண்டின் தலை உப்பியிருந்தது. முப்பது வருடம் ஆன சரக்கு, உள்ளே காய்ந்துவிட்டது. அதனால்தான் கச்சேரி நடுவே ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் எழுந்து, அதற்குள் பேஸ் மூழ்கிப்போனது. மாற்றுவதற்கு ஆன செலவு ஆசிய ஆம்பைவிடப் பல மடங்கு. ஒன்று கட்டமைப்பில் கஞ்சத்தனம் செய்து செத்தது, மற்றது வயதாகிச் செத்தது. இந்த இரண்டு சாவையும் ‘தரம்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இன்னொரு விஷயம் அவர்தான் சொன்னார், அதன் பிறகுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் விற்கும் மின்னணுச் சாமான்களில் காரீயம் (லெட்) கூடாது என்று சட்டம் வந்தது. ஒரே சாமானை எல்லா நாட்டிலும் விற்பவர்கள் மொத்த உற்பத்தியையும் காரீயமில்லாத பற்றவைப்புக்கு மாற்றினார்கள். காரீயம் கலந்த பழைய கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும், புதியது சுமார் 217இல். நல்ல பற்றவைப்பே மங்கலாகத் தெரிவதால் கண்ணால் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது கடினம். அதிர்வைத் தாங்குவதிலும் பழையதளவு இளக்கம் கிடையாது. பேஸ் ஆம்ப் என்பதே அதிர்வுக்குள் வாழும் பொருள். அடி நரம்பின் ஒலி நொடிக்கு 41 அதிர்வு, காம்போவாக இருந்தால் எலெக்ட்ரானிக்ஸும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள். ஆக, ஆம்பெக் இரண்டாம் முறை ஆசியாவுக்குப் போன காலமும், காரீயம் போன காலமும், வால்வுக்கும் கனமான டிரான்ஸ்பார்மருக்கும் பதிலாக எடை குறைந்த கிளாஸ் டி வகை ஆம்புகள் வந்த காலமும் கிட்டத்தட்ட ஒன்று. மூன்றும் சேர்ந்து வந்ததில் பழி முழுவதும் சீட்டில் எழுதிய நாட்டின் தலையில் விழுந்தது. 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். மட்டமான பாகம் வந்து சேர்ந்தால் எந்த ஊரில் பூட்டினாலும் கதை அதுதான்.

இப்படிச் சொல்வதால் ஊர் மாறியதில் நஷ்டமே இல்லை என்று ஆகிவிடாது. நஷ்டம் தூரத்தில் இருக்கிறது. தொழிற்சாலை பக்கத்துக் கட்டடத்தில் இருந்தால், வடிவமைத்தவர் காபி டம்ளரோடு நடந்துபோய், ‘இந்த ஜாக் ஆடுதே, நட்டு போடுங்கப்பா’ என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். ஆசியாவில் செய்தால், கப்பல் கன்டெய்னர் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம். கடைக்குப் போய், ஒருவர் வாங்கி, பத்துக் கச்சேரி வாசித்து, ஜாக் விட்டு, புகார் வந்து சேர்வதற்குள் அதே குறையோடு ஆயிரக்கணக்கில் செய்து முடித்திருப்பார்கள். அதனால்தான் எந்த கம்பெனியானாலும் ஊர் மாறிய முதல் இரண்டு மூன்று வருடத்துச் சரக்கை நான் தொடுவதில்லை. அதற்குப் பின் வருவது பெரும்பாலும் தேறிவிடுகிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு: சொந்தத் தொழிற்சாலையா, ஒப்பந்தத்துக்குச் செய்து கொடுப்பவரா? பெரிஞ்சர் ஜெர்மனியில் தொடங்கிய கம்பெனி, ஆனால் சீனாவின் ஜோங்ஷானில் தனக்கென்றே தொழிற்சாலை கட்டி வைத்திருக்கிறது. மலிவு மலிவுதான், ஆனால் குறை தெரிந்தால் திருத்தும் அதிகாரமும் அதே கையில். ஒப்பந்தக்காரர் நாலு கம்பெனிக்குச் செய்வார். யாருக்கு எந்தப் பாகம் போகிறது என்பது அவருக்கே வெளிச்சம்.

சரி, நான்கு படங்களுக்கு வருவோம்.

ஆர்கன்சா எஸ்விடி. அழகான பிராணி, மறுக்கவில்லை. சர்க்யூட் வரைபடம் கிடைக்கும், பாகங்கள் பொதுவானவை, விவரம் தெரிந்த ரிப்பேர்காரர் இருந்தால் இன்னும் முப்பது வருடம் ஓடும். ஆனால் ‘அமெரிக்கன்’ என்று தம்பி எதை நினைக்கிறான் என்பதுதான் வேடிக்கை. வால்வு ஆம்பின் உயிரே வால்வு. அமெரிக்காவின் பெரிய வால்வுத் தொழிற்சாலைகள் 1990களின் தொடக்கத்துக்குள் கடையைக் கட்டிவிட்டன. இன்று செருகக் கிடைப்பது பெரும்பாலும் ரஷ்யாவின் சராடோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, இல்லாவிட்டால் சீனா. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதித் தடை போட்டதும் ‘அமெரிக்க ஒலி’ கேட்டு வாழ்ந்தவர்கள் எல்லாம் வால்வு பதுக்க ஓடினார்கள். எஸ்விடிக்கு ஜோடி பார்த்த 6550 ஆறு வேண்டும். ஒரு செட் மாற்ற சில நூறு டாலர். கெப்பாசிட்டர்களுக்கு வயதாகியிருக்கும், வாங்கும் விலையோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். முக்கியமாக, நாமே திறந்து நோண்டக் கூடாது. உள்ளே 700 வோல்ட் வரை ஓடுகிறது, அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். அப்புறம் எடை. இந்த மாடல் 36 கிலோ. அதற்கு ஏற்ற எட்டு ஸ்பீக்கர் கேபினெட்டை வாசிப்பவர்கள் ‘ஃபிரிட்ஜ்’ என்றுதான் கூப்பிடுவார்கள், அது தனியாக 63 கிலோ. பள்ளி ஆடிட்டோரியத்தின் பின்படிகளில் அதை ஏற்றிய ஒரு சித்திரைத் திருநாளுக்கு அப்புறம்தான் எனக்கு முதுகு என்று ஒரு உறுப்பு இருப்பதே தெரிய வந்தது.

வியட்நாம் எஸ்விடி. இதைத்தான் எல்லாரும் எடுத்த எடுப்பில் ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். சர்க்யூட் அதே பரம்பரை, டிரான்ஸ்பார்மர் அதே கனம், வால்வு அதே சராடோவோ சாட்சாவோ. நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டையும் ஒரே கேபினெட்டில் மாற்றி மாற்றிப் போட்டு, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எது எது என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியும் என்பவர்களுக்கு என் காதைவிட நல்ல காது இருக்கலாம். கெப்பாசிட்டர்கள் வயதில் சின்னவை என்பது கூடுதல் லாபம். விலையோ அமெரிக்கச் சீட்டு ஒட்டியதைவிடக் குறைவு. காரணம் ஒலி இல்லை, அந்தச் சீட்டு. பயம் ஒன்றுதான்: 6550 கொதிக்கக் கொதிக்க எரியும் வால்வு. அதன் சாக்கெட்டை நேராக போர்டில் பற்றவைத்திருந்தால், சூடேறி ஆறிச் சூடேறி ஆறி, ஈயத்தில் நான் பார்த்த அந்த வளையம் விழும். அதனால் இப்படி ஒன்றை வாங்குவதானால், விற்பவர் வீட்டிலேயே ஒரு மணி நேரம் நல்ல சத்தத்தில் ஓடவிடுங்கள். சூடான பிறகுதான் பழுது பேசும். கேபிளைச் செருகிவிட்டு லேசாக ஆட்டுங்கள், ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருப்புங்கள், விளக்கை அணைத்துவிட்டு வால்வுகளைப் பாருங்கள். உள்ளிருக்கும் இழை ஆரஞ்சாக மின்னலாம். சுற்றியுள்ள தகடு சிவந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். விற்பவர் ஒரு மணி நேரம் ஓடவிடச் சம்மதிக்காவிட்டாலும் அப்படியே.

ஃபெண்டர் ரம்பிள் 500. இதைப் பற்றிப் பெருங்காவியம் பாட ஒன்றுமில்லை, அதுவே அதன் நல்ல குணம். முழு காம்போவும் சேர்த்து சுமார் 16.5 கிலோ. இரண்டு பத்து அங்குல எமினென்ஸ் ஸ்பீக்கர். பெட்டியில் 500 வாட் என்று போட்டிருக்கும். தனியாக வாசித்தால் 350, வெளியே இன்னொரு எட்டு ஓம் கேபினெட் மாட்டினால்தான் 500. இந்த வாட் கணக்கில் ஏமாறாத புது ஆள் குறைவு. எங்கள் மேடைகளில் 350 தாராளம், ஏனென்றால் பேஸ் எப்படியும் ஒயரில் சவுண்ட்காரருக்குப் போய் ஹால் ஸ்பீக்கர் வழியாகத்தான் ஜனங்களுக்குக் கேட்கப் போகிறது. மேடையில் ஆம்ப் நமக்கும் தபலாக்காரருக்கும் மட்டும். குறை எங்கே என்றால், கெட்டுப்போனால் திறந்து ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவது அபூர்வம். கடுகு சைஸ் பாகங்கள். ரிப்பேர் என்றால் போர்டையே மாற்றுவார்கள். அந்த போர்டு பத்து வருடம் கழித்துக் கிடைக்குமா என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்கள். கிளாஸ் டி ஆம்பில் ‘கனம்’ இல்லை, ஒலி மெலிந்து கேட்கிறது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஆரம்ப கால ஹெட்டுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். இப்போது வருபவற்றில் அந்த வித்தியாசத்தைவிட, நரம்பு எப்போது மாற்றினீர்கள் என்பது பெரிய வித்தியாசம்.

மெசா சப்வே டி-800. இரண்டரைக் கிலோ ஹெட், 800 வாட், கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் கட்டியது. 2021இல் மெசாவை கிப்சன் வாங்கியது; முன்பு சொன்ன முதலாளிக் கதையை நினைத்து அந்தச் செய்தி வந்தபோது எனக்கு வயிறு கலங்கியது உண்மை. தம்பிக்கு இதில் பிடித்தது அமெரிக்கா. எனக்குப் பிடித்தது வேறு: வடிவமைப்பவரும் கட்டுபவரும் ரிப்பேர் பார்ப்பவரும் ஒரே ஊரில் இருப்பது, மேலே சொன்ன தூரத்து நஷ்டம் இல்லாதது. ஆனால் உள்ளே இருக்கும் சிப்பும் கெப்பாசிட்டரும் அமெரிக்காவில் விளைந்தவை என்று நினைக்க வேண்டாம். ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று மொட்டையாகப் போட, ஏறக்குறைய எல்லாமே இங்கே செய்ததாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விதி. அதனால்தான் பல ஆம்புகளின் முதுகில் ‘டிசைன்டு இன்’, ‘அசெம்பிள்டு இன்’ என்று சுற்றி வளைத்து எழுதியிருப்பார்கள். அந்தச் சீட்டை ஒரு வார்த்தை விடாமல் படியுங்கள். பணத்தைப் பொறுத்தவரை, ஹெட் மட்டும் ரம்பிள் காம்போ முழுசையும் தாண்டும், கேபினெட் தனிச் செலவு. பேஸ் வாசிப்பதே பிழைப்பு, வாரத்துக்கு மூன்று நான்கு மேடை என்பவருக்கு அந்தப் பணம் வீணில்லை.

கேபினெட் பற்றி ஒரு வார்த்தை. ஊர் மாறியதால் காதுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரிவது ஹெட்டில் அல்ல, இங்கேதான். பிளைவுட்டுக்குப் பதில் துகள் பலகை போட்டால் எடை கூடும், ஈரம் பட்டால் ஊதும், மூலையில் ஒரு இடி வாங்கினால் உதிரும், சில சுரங்களில் பெட்டியே கூடச் சேர்ந்து பாடும். இன்னொரு பக்கம், பெரிய கேபினெட் என்பது பாதி காற்று. காற்றைக் கப்பலில் ஏற்றி இறக்குவது கட்டுபடியாகாது என்பதால்தான் இன்றும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ளூரிலேயே கேபினெட் செய்யும் சின்னப் பட்டறைகள் பிழைத்திருக்கின்றன. உள்ளே மாட்டும் ஸ்பீக்கர் எந்த ஊர் என்று கேட்டால் அதுவும் சிக்கல்தான். எமினென்ஸ் கென்டக்கி கம்பெனி, சீனாவிலும் ஆலை உண்டு. செலஸ்டியன் இங்கிலாந்துப் பெயர், பல வரிசைகள் சீனத் தயாரிப்பு.

எஸ்விடி வாங்கி ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று யோசிப்பவர்களுக்கு: இங்கே விற்பது 120 வோல்ட், சென்னையில் 230. வால்வு ஹெட்டை அப்படியே செருகினால் முதல் நாளே தீபாவளி. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரில் 120, 230 இரண்டுக்கும் வழி இருந்தால் தெரிந்தவரை வைத்து மாற்றலாம், இல்லாவிட்டால் தனியாக ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்றையும் சுமக்க வேண்டும். கிளாஸ் டி ஹெட்டுகளில் பலது இரண்டையும் தானாகவே ஏற்கும். பலது என்றுதான் சொன்னேன், எல்லாம் என்று சொல்லவில்லை. அதுவும் முதுகுச் சீட்டிலேயே எழுதியிருக்கும்.

தம்பிக்கு நான் சொன்னது மூன்றாவது படம். வருடத்துக்குப் பன்னிரண்டு மேடை, இரண்டாவது மாடி அபார்ட்மென்ட், லிஃப்ட் கிடையாது, ரிப்பேர்காரர் யாரையும் தெரியாது, புது சாமான் என்பதால் வாரண்டி உண்டு. வால்வு ஆசை அடங்காவிட்டால் இரண்டு வருடம் கழித்து இரண்டாவது படம் மாதிரி ஒன்றைப் பார்க்கலாம், அப்போது போலந்துக்காரரிடம் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். முதல் படத்தை அவன் வாங்கக் கூடாது. அதை வைத்துக் காப்பாற்றத் தெரிந்தவர் வாங்கட்டும்.

“ஆனா அது சைனா மேக்காச்சே அண்ணா?” என்றான்.

“உன் போன் எந்த ஊர்?” என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வாங்கிய அன்றே இன்புட் ஜாக்குக்கு ஒரு எல் வடிவ முனை கேபிள் வாங்கிக்கொள், நேர் முனை வேண்டாம், யாராவது காலில் தட்டினால் ஜாக்கை நெம்பும் என்று மட்டும் சொன்னேன். அதோடு கேபிளை மேலே கைப்பிடிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவா, இழுப்பு விழுந்தால் கைப்பிடி வாங்கிக்கொள்ளும். பதினைந்து டாலர் செலவு. போன சனிக்கிழமை ரிகர்சலுக்கு ஒரு கையில் காம்போவும் மறு கையில் கிட்டாருமாகப் படியேறி வந்தான். கேபிள் நேர் முனைதான்.